துரைக்குக் கொடுக்கும் முதல் தீர்த்தம்

மாரியம்மன் கோயில் நிர்வாகத்தின் மாண்புமிகு தலைவர் நாகலிங்கம் அவர்களே! சுற்றாடல் தின விழாவுக்குப் பிரதம விருந்தினராக வந்திருக்கும் எங்கள் தோட்டத்துத் துரை அவர்களே! விடியுமுன்னே வெட்டுக்கத்தியோடு ரப்பர் மலை ஏறி, வாளி வாளியாய்ப் பால் சுமக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! "சுருக்கமா பேசுங்க மாஸ்டர்" என்று பின்வரிசையிலிருந்து இப்போதே கைகாட்டும் இளைஞர்களே! உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் இந்த வாத்தியாரின் வணக்கம்.

'உலகெங்கும் நிலைபேறான நுகர்வும் உற்பத்தியும்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. சென்ற ஆண்டு ஜொகனஸ்பர்க் நகரில் உலக நாடுகள் கூடின. பொருளை ஆக்கும் முறையும் மாற வேண்டும், அனுபவிக்கும் முறையும் மாற வேண்டும் என்று முழங்கின. முழங்கட்டும்! அந்த முழக்கம் நம் ஓடைக்கரை வரை வந்ததா?

நாம் வெட்டிய பால் பெக்டரியில் ரப்பர் ஷீட்டாகிறது. ஷீட் கப்பலேறுகிறது. எங்கோ ஒரு நாட்டில் டயராகிறது, கையுறையாகிறது, குழந்தை விளையாடும் பந்தாகிறது. பாலை உறையவைத்த ஆசிட் கலந்த கழுவுநீர் எங்கே போகிறது? அதுவும் கப்பலேறுகிறதா? பெக்டரிக் கழிவுநீர்க் கானில் விழுந்து, ஓடையில் கலந்து, கீழே நம் லயத்து வீடுகளுக்குக் குடிநீர் விழும் பீலிக்கு வருகிறது! பந்தை வாங்குகிறவனுக்கு இது தெரியாது. நாம் தெரிய வைத்தோமா?

சிரிக்காதே தம்பி! பிளாஸ்டிக் சிலிசிலி பேக்கை அதே ஓடையில் எறிகிறவர் யார்? வெள்ளைக்காரனா வந்து எறிகிறான்? நாம்தான் எறிகிறோம்!

சென்ற ஆண்டுத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். குடத்தில் நீர் முகந்து ஆத்தாவை அழைத்துக் கரகம் பாலிக்க, வழக்கம்போல் லயத்துக்குக் கீழே ஓடைக்கரைக்குப் போனோம். கரகம் தூக்கும் ஏழுமலை அண்ணன் குடத்தை முக்கினார், முகத்தைச் சுளித்தார்.

"என்னங்க இது, இந்த நாத்தம் நாறுது! இதுலயா ஆத்தாவ அழைக்கிறது?"

கோயில் நிர்வாகம் அங்கேயே கூடிப் பேசியது. குடத்தோடு பெக்டரிக்கு மேலே ஏறினோம். அங்கே தண்ணீர் தெளிவாக இருந்தது. கரகம் பாலித்தோம், குலவை போட்டோம். வழக்கப்படி முதல் தீர்த்தத்தைத் துரைக்குக் கொடுத்தோம். அவரும் இரு கையேந்திக் குடித்தார். எந்தத் தண்ணீர் என்று நாம் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

அப்போது பால்வெட்டும் ஜெயம்மா, உடம்பெல்லாம் சிரங்கோடு இருந்த மகள் ஷாமிளாவை இடுப்பில் வைத்தபடி முன்னே வந்தாள்.

"அம்மனுக்கு மேத்தண்ணி. துரைக்கு மேத்தண்ணி. எம்புள்ளைக்கு மட்டும் கீழ்த்தண்ணியாங்க?"

நாம் என்ன செய்தோம்? மேளத்தை இன்னும் ஓங்கி அடிக்கச் சொன்னோம்!

அந்த ஷாமிளா இன்று கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தண்ணீரை மாற்றுங்கள் என்கிறார் டாக்டர். ஜெயம்மா எங்கே போய் மாற்றுவாள்? கழுவுநீரைத் தேக்கித் தெளியவைக்கத் தொட்டி கட்டலாம் என்றார்கள் தோட்டத்து ஆபீசில். பிறகு பார்க்கலாம் என்றார்கள். எத்தனை நாள் பார்ப்பது? யார் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் பார்ப்பது? எனக்கு ஆத்திரமாக இருக்கிறது, அவையோரே! இந்த மேடையில் நிற்கவே மனம் ஒப்பவில்லை!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடிக்கிறேன் ஐயா.

வரும் வெள்ளிக்கிழமை கரகம். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. குடத்தை மேலே கொண்டு போகாதீர்கள்! பெக்டரிக்குக் கீழே, பழைய இடத்திலேயே பாலியுங்கள்!

யாரம்மா அது? "சாமிக் குத்தமாயிரும் மாஸ்டர்" என்கிறீர்களா? ஆத்தாவுக்கு ஆகாத தண்ணீர் அவள் பிள்ளைக்கு ஆகுமா? ஆண்டு முழுவதும் அதைக் குடிக்கக் கொடுத்தோமே, அது சாமிக் குத்தம் இல்லையா தாயே?

துரை அவர்களே! வழக்கம் மாறாது. மாலை உங்களுக்கு, பரிவட்டம் உங்களுக்கு, முதல் தீர்த்தமும் உங்களுக்கே. இந்த முறை அதை ஜெயம்மா கொண்டுவந்து தருவாள். உங்கள் சிங்கள மொழியிலேயே கேட்கிறேன்: "மாத்தயா, ஏ வத்துர பொன்ன புளுவன்த?" அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியுமா?

முடிந்தால் குடியுங்கள், நாங்களும் வாய்மூடிக் குடிக்கிறோம். கை தயங்கினால், மறுநாளே ஓடைக்கு வரும் அந்தக் கானை அடைத்துவிடுங்கள். தொட்டி கட்ட இந்தத் தோட்டமே கல் சுமந்து வரும்!

கைதட்டியவர்களுக்கும், தட்டாமல் யோசித்துக் கொண்டிருப்பவர்களுக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை எல்லோரும் கீழ் ஓடைக்கரைக்கு வாருங்கள். வணக்கம்.