ஷாஜன் என்ற சொல்

கட்டன் சாயா ஆறிவிடும் டீச்சர், முதலில் குடியுங்கள். ஒரு ஊர்ச்சொல்லைத் தேடித் தக்கலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். வெறுங்கையோடு அனுப்ப மாட்டேன்.

திருவட்டாற்றுக்கு மேலே, இந்த மலையடிவாரத்தில், கூட இருந்தே குழி பறிக்கிறவனை ‘ஷாஜன்’ என்பார்கள். கட்சி மாறினவன் ஷாஜன். சீட்டாட்டத்தில் கூட்டாளியைக் கவிழ்த்தவனும் ஷாஜன்தான். இளசுகளிடம் கேட்டால் மலையாளச் சொல் என்பார்கள். அது ஒரு மனிதனின் பெயர். ரப்பர் தோட்டத்தில் எனக்கு அடுத்த பிளாக்கில் பால் வெட்டியவன்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் தோட்டத்தில் வேலைநிறுத்தம். பத்தொன்பது நாள் ஒருவரும் கத்தியைத் தொடவில்லை. இருபதாம் நாள் காலையில் பார்த்தால், ஷாஜனின் பிளாக்கில் நாற்பது மரங்களில் சிரட்டை நிறையப் பால்.

கையெழுத்தைப் போல ஒவ்வொருவர் வெட்டும் வேறு. ஷாஜன் பட்டையை நூலிழையாகச் சீவுவான். முடிக்கிற இடத்தில் கத்தி லேசாக மேலே ஏறும். பக்கத்து பிளாக்காரன் என்பதால் வேலைநிறுத்தக்காரர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“ஆன்ட்ரூஸ் அண்ணே, நீரு சொல்லும். இது யாரு வெட்டு?”

“பாத்தா ஷாஜன் கையி மாதிரிதான் இருக்கு. ஆனா நான் ஒண்ணும் சொல்லல்ல, மக்கா.”

நான் பொய் சொல்லவில்லை. அவன் கை மாதிரிதான் இருந்தது. அப்படி அமைவதற்கு என் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரத்தில் ஒரு வாரம் வெட்டிப் பழகியிருந்தேன். ஒருவன் வெட்டினால் போதும், மற்றவர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுத் தாமாகவே வேலைக்கு வந்துவிடுவார்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நாலே நாளில் வந்தார்கள். அந்த மாதமே நான் சூப்பர்வைசர் ஆனேன்.

ஷாஜனுக்குக் கடையில் சாயா கொடுக்கவில்லை. சர்ச்சில் அவன் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ஒரு நாள் என்னைத் தேடி வந்தான்.

“நான் வெட்டல்லன்னு நீரு ஒரு வார்த்த சொன்னா ஊரு நம்பும், அண்ணே.”

மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்துக் கொடுத்தேன். “எல்லாம் மறந்திருவாவ,” என்றேன். தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டான்.

மூன்றாம் மாதம் அவனை அவனுடைய பிளாக்கிலேயே கண்டெடுத்தோம். சவப்பெட்டி தூக்க நாலு பேர் தேறவில்லை. நான் தோள் கொடுத்தேன். ஆன்ட்ரூசுக்கு நல்ல மனசு என்று ஊரே சொன்னது.

அவன் மகள் ஷைஜாவுக்கு அப்போது மூன்று வயது. இந்த மாதம் அவளுக்குக் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, தடை உண்டா என்று சபையைக் கேட்பது எங்கள் வழக்கம். “காலஞ்சென்ற ஷாஜனின் மகள்” என்று பாஸ்டர் வாசித்ததும் பின் பெஞ்சில் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை தலை நிமிரவே இல்லை. சொல்ல வேண்டியதை எழுந்து சொல்ல எனக்கு மூன்று ஞாயிறு கிடைத்தது. மூன்றிலும் உட்கார்ந்தே இருந்தேன்.

முதல் ஞாயிறு சாயங்காலமே அவள் அம்மா ஜெஸ்பின் வந்திருந்தாள். “கல்யாணக் கார்டுல அவிய பேரு வேண்டாம், அண்ணே. அப்பா ஸ்தானத்துல நீங்க நிக்கணும்,” என்றாள். அழுதுவிட்டேன். அவளும் அழுதாள்.

சொல், பொருள், பிறந்த கதை, மூன்றையும் உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கதையை மட்டும் அடுத்த வாரம் வரைக்கும் யாரிடமும் காட்ட வேண்டாம். வியாழக்கிழமை கல்யாணம். ஷைஜாவைக் கைப்பிடித்து சர்ச்சுக்குள் கூட்டிப்போக, பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?