மூணாங்கிளாஸ் இசபெல்லாவுக்கு வந்த மிருகம்

ஹலோ... ஹலோ, மகாதேவி மிஸ்ஸுங்களா? நான் மூணாங்கிளாஸ் இசபெல்லாவோட அம்மா பேசுறேன் மிஸ், ஆக்ஸிலியா... ஆமா, ஆமா, லாட்ஜ் ரிசப்ஷன்ல இருக்கேன்ல, நானேதான்.

இல்ல மிஸ், நாளைக்கு மாறுவேஷப் போட்டி... ஆமா, ‘உலகத்து விசித்திர விலங்குகள்’. குரூப்புல படம் போட்டிருந்தீங்கல்ல... பாத்தேன். பாத்துட்டுத்தான் கூப்பிடுறேன். அது என்ன மிஸ் மிருகம்?... பேரு வாசிச்சேன் மிஸ். நேக்கட் மோல் ராட். ஆப்பிரிக்காவுல மண்ணுக்குள்ள கெடக்குற எலி, சரி. அத எப்படி வேஷம் போடுறது? ஒடம்புல ஒரு முடி இல்ல. ரோஸ் தோலு பூரா சுருங்கிக் கெடக்கு. கண்ணு இருக்கா இல்லையான்னே தெரியல...

ம்... ம்... ரோஸ் துணி தேடாம இருப்பனா? யாகூப் பாய் கடையில ஆரம்பிச்சு பஜார் பூரா ஏறி எறங்கிட்டேன். லைனிங் துணிதான் இருக்கு, காகிதம் கணக்கா... என்னது, மேல ஸ்வெட்டர் போடக் கூடாதா? மிஸ், இந்தக் குளிர்ல... ஒரு நிமிசம் மிஸ்.

சார், சுடுதண்ணி எட்டு மணி வரைக்கும்தான் சார். ஆமா சார், போர்டுலயே எழுதியிருக்கு.

ம், சொல்லுங்க மிஸ்... கெஸ்ட்டு, விடுங்க. வேற ஏதாவது மாத்திக் குடுக்க முடியுமா மிஸ்? ஃபெமினாவுக்கு ரெட் பாண்டாவாம். ராபினுக்கு எறும்புத்தின்னியாம், அவங்கம்மா அட்டையில செதில் வெட்டி ஒட்டியே முடிச்சிட்டாங்க... சரி, சரி மிஸ், சீட்டுக் குலுக்கிப் போட்டீங்க, அவங்கவங்க கையில வந்ததுதான். எங்க நேரம், எங்களுக்கு எலி வந்திருச்சு...

என்னது?

எல்லாரும் சீட்டு எடுத்தாங்க, இவ மட்டும் எடுக்கலையா? ஏன் மிஸ்?... இல்ல, சொல்லுங்க... பொருத்தமா இருக்கும்னு நீங்களே குடுத்தீங்களா? எது மிஸ் பொருத்தம்?

...

பல்லா.

மிஸ், அவளுக்கு எட்டு வயசு... தெரியும், நீங்க தப்பா நெனச்சுச் சொல்லல... ஆமா, அந்த எலிக்கு நீட்டிக்கிட்டு இருக்குற முன்பல்லு இவளுக்குத் தனியா செஞ்சு ஒட்ட வேண்டாம், ஈஸிதான்... அவளே சிரிச்சுக்கிட்டுச் சரின்னாளா? கிளாஸ் பூரா சிரிக்கும்போது அவ என்ன மிஸ் செய்வா? நேத்து சாயங்காலம் வந்ததுல இருந்து வாயில கர்ச்சீப்ப வச்சுக்கிட்டே திரியுறா. சளியான்னு கேட்டேன். ஆமாங்குறா. நானும் மெனக்கெட்டு மிளகு ரசம் வச்சுக் குடுத்தேன், கூறுகெட்டவ...

சார், நில்லுங்க சார்! பேசிக்கிட்டு இருக்கேன்ல!

உங்களச் சொல்லல மிஸ்... நான் ஒண்ணும் அழல... கோபமெல்லாம் இல்ல மிஸ், பெத்தவளுக்கு வலிக்கும்ல, அவ்வளவுதான்... சரி... சரி, மாத்தித் தர்றீங்களா? ஐயோ, நல்லாருப்பீங்க மிஸ். என்ன மிருகம்?... மூஞ்சியே தெரியாத அளவுக்கு முடியா? பஞ்சு ஒட்டுனா போதுமா? பஞ்சு வீட்லயே கெடக்கு மிஸ், வெள்ளனே எந்திரிச்சு ஒட்டிருவேன். ஸ்வெட்டர் மேலயே ஒட்டலாம்ல?... ஆமா... ஆமா... பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்குமா? பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன்... அங்கோரா... ம், அங்கோரான்னா? மன்னவனூர்ப் பண்ணையில கம்பளி முடிக்கு வளக்குறாங்களே, அதா?

முயலா?

அதுக்கும் என் பிள்ளை பல்லுதானா மிஸ்?... வேண்டாம், ஒண்ணும் சொல்ல வேண்டாம். வைங்க போன.