பிரசங்கத்தில் தூக்கம்

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை முடிந்து வேலூர் பஸ்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“ஞாயித்துக்கெழம சர்ச்சுல நல்லா தூங்கிட்டேங்கா,” என்றாள் இளையவள்.

“பாஸ்டர் பாக்கலியா?”

“பாத்தாரு. ‘இளைப்பாறத்தானே வந்திருக்காங்க, எழுப்பாதீங்க’ன்னு மைக்குலயே சொன்னாராம்.”

“நல்ல மனுசன். அதுக்கு ஏன்டி அழுவுற?”

“எங்க வீட்டுக்காரரு வாரம் பூரா தோல் பதனிடற ஷாப்புல ஈரத் தோல் தூக்குவாரு. பிரசங்கத்துலதான் கண்ணு சொக்கும். ஆம்பளைங்க பக்கம் நான் போக முடியாதுல்ல? பக்கத்துல இருக்கறவருக்கு சைகை காட்டி எழுப்ப வெப்பேன். சாகற வரைக்கும் ஒரு வாரம்கூட அவர தூங்க விடலக்கா.”