பொய் சொல்லித் தின்ற மீன்

தினமும் திருநீறு பூசிச் சைவம் உண்பவன் நான். மீன் பேச்சை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். ஆண்டவன் என் மனசில் விடாமல் உறுத்தியதால் எழுதுகிறேன்.

யுத்தகாலம். விழுப்புரத்தில் ஏறிய ரயிலில், பட்டணத்துத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவரும், முதல்முறை அவரோடு போகும் மனைவியும் எதிரே இருந்தார்கள். விக்கிரவாண்டி தாண்டியதும் அந்த அம்மாள் சொன்னாள்:

"எறங்குனதும் மீன் ஓட்டலுக்குப் போறோம். பெஞ்சுல குந்தித் துன்றோம்."

"வாணாண்டி. மீன் வாங்கியாறேன், ஊட்ல ஆக்கு."

"ஏன்? நம்மூரு கடையாட்டம் அங்கியும் நம்மளக் கொல்லப்பக்கம் குந்தவச்சி, தின்ன எலைய நம்மளையே எடுக்கச் சொல்றாங்களா?"

"இல்லடி. நான் வேற ஜாதி சொல்லித் துன்னுக்கினு இருக்கேன். நீ வாயத் தொறந்தா பேஜாரு."

"பொய் சொல்லியா துன்ன? முள்ளு தொண்டையில மாட்டலியா?"

"கேட்டா நீயும் அதையே சொல்லு."

அவள் குரல் பெட்டி முழுக்கக் கேட்டது. "நம்ம தெருவத்தான் சொல்லுவேன். சொல்லிட்டுத்தான் குந்துவேன். தின்ன எலைய எடுக்கமாட்டேன்."

"தொரத்துனா?"

"அடுத்த கடைக்குப் போவோம். பட்டணத்துல ஒரே மீன் ஓட்டலா இருக்குது?"

திண்டிவனத்தில் வண்டி நின்றது. அவர் சொன்னார்:

"நான் பொய் சொன்ன கடைக்கே மொதல்ல போலாம், வா."

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள், அந்த அம்மாள் பேச்சை மழுப்பாமல் அப்படியே சொல்லும்படி கும்பிட்டுக் கேட்கிறேன்.