கூரை நாலு விரல் கீழே

— அழகா இருக்குன்னு ஒத்துக்குறேன் சார். அழகா இருக்கிறது வேற, அதுக்குள்ள மனுஷன் உக்காருறது வேற.

— ஏம்மா பட்டதாரி, இது கார் விக்கிற கடை, பட்டிமன்றம் இல்லை. அந்த டாக்ஸி அம்மா டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள புது ஹைபிரிட் வண்டிக்கு புக்கிங் படிவத்தை எழுதி வை. அவங்க கையெழுத்து மட்டும்தான் மிச்சம் இருக்கணும்.

— அந்த அக்கா கேட்டது பழைய மாடல் சார். கடைசியா ஒண்ணு பின்னாடி கொட்டகையில நிக்குது. தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கீங்களே, அதேதான்.

— அதைப் பத்திப் பேச்சே வேண்டாம். அது விக்கிறதுக்கில்லை. கம்பெனி திருப்பிக் கேட்டிருக்கு.

— எதுக்கு சார்? மாலை போட்டுக் கும்பிடவா?

— எதுக்கோ! மேலிடத்து உத்தரவு. நீ சேந்து எட்டு மாசம், நான் பதினாறு வருஷம். புரியுதா?

— எட்டு மாசத்துல எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். பழசை வாங்கினவங்க யாரு? டாக்ஸி ஓட்டுறவங்க, ஓய்வு பெற்ற வாத்தியாருங்க, முட்டி வலிக்காரங்க. கதவைத் திறந்தா வீட்டு நாற்காலியில உக்காருற மாதிரி உக்காருவாங்க. இப்போ கூரையை நாலு விரல் இறக்கியாச்சு, சீட்டை மூணு விரல் இறக்கியாச்சு. ஏறணும்னா முதல்ல தலையைக் குடுக்கணும், அப்புறம் இடுப்பைக் குடுக்கணும், கடைசியா மானத்தைக் குடுக்கணும்.

— காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகணும்னா கூரை இறங்கித்தான் ஆகணும்.

— வாசல்ல நிக்கிற இந்த டிராஃபிக்ல எந்தக் காத்து சார் இருக்கு, கிழிக்கிறதுக்கு?

— நக்கலு! பழசை சோப்புப் பெட்டின்னுதானே எல்லாரும் சிரிச்சாங்க? விசேஷத்துக்குப் போனா ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு நடந்து வந்தவங்களை எனக்கே தெரியும். இப்போ எஞ்சின் இழுவை ரெண்டு மடங்கு. சிக்னல்ல பச்சை விழுந்தா முதல் ஆளா பாயும். பெட்ரோலும் முன்ன மாதிரியே கொஞ்சமாத்தான் குடிக்குது. இதுல என்னத்தைக் குறை கண்டே?

— எஞ்சின்ல குறையே இல்லை. அதைச் செஞ்சவங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். எனக்குக் கோவம் வண்டிக்குப் படம் வரைஞ்சவன் மேல. பின்கண்ணாடி தபால்பெட்டி வாய் அளவுக்கு இருக்கு. டிக்கியில ரெண்டு பெட்டி வெச்சா மூணாவதை மடியில வெச்சுக்கணும். வரைஞ்சவன் வாழ்க்கையில ஒரு நாளாவது யாரையாவது கைத்தாங்கலா வண்டியில ஏத்தியிருக்கானா?

— ஜனங்க கேட்டதைத்தான் கம்பெனி செஞ்சிருக்கு. கருத்துக்கணிப்பு நடத்தினாங்க இல்ல? ஐந்நூறு பேர்கிட்ட படத்தைக் காட்டிக் கேட்டாங்க. நானூத்திப் பதினொரு பேருக்குப் பிடிச்சிருக்கு. நானூத்திப் பதினொண்ணு!

— அந்தப் படிவங்களை நான் படிச்சேன் சார்.

— படிச்சியா? உன்னை யார் படிக்கச் சொன்னது?

— எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நான். கையில காகிதம் கிடைச்சா கடைசி வரி வரைக்கும் படிச்சுடுவேன், கெட்ட பழக்கம். 'இந்த வண்டியை வாங்குவீங்களா'ன்னு கேட்டதுக்கு அந்த நானூத்திப் பதினொரு பேரும் என்ன சொன்னாங்க தெரியுமா? 'பாக்கலாம்.'

— அதைத்தானே நானும் சொல்றேன்? ஆர்வம் இருக்கப்போய்தானே பாக்கலாம்னு சொல்றாங்க?

— சார், நீங்க போன வாரம் சம்பளம் ஏத்திக் கேட்டீங்களே, முதலாளி என்ன சொன்னாரு?

— பாக்கலாம்னாரு.

— அதுக்கு முன்னாடி கேட்டப்போ?

— அப்பவும்... அது வேற விஷயம்மா!

— அதே விஷயம்தான். மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லக் கூச்சப்படுறவங்க சொல்ற வார்த்தை அது. பிடிக்காத சம்பந்தத்துக்குச் சொல்வாங்க, கைமாத்து கேக்குறவனுக்குச் சொல்வாங்க. மேல குளுகுளுன்னு உக்காந்திருக்கிற ஒருத்தன் அத்தனை 'பாக்கலாம்'ஐயும் 'ஆமா'ன்னு கூட்டியிருக்கான். நானூத்திச் சொச்சம் பேர் மரியாதையா வேண்டாம்னு சொல்லியிருக்காங்க, கம்பெனி அவங்க தலைமேலயே கூரையை இறக்கிடுச்சு.

— வாய் நீளம் உனக்கு. இந்தா, கேட்டுக்கோ. வாங்குறவங்களுக்கு என்ன தேவைன்னு வாங்குறவங்களுக்கே தெரியாது. நாமதான் சொல்லணும். அதுக்குப் பேருதான் வியாபாரம்.

— இந்த அக்காவுக்கு நல்லாத் தெரியும். வர்ற திங்கக்கிழமையிலேருந்து எலும்பு ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டப்போறாங்க. இடுப்பு ஆபரேஷன் ஆனவங்களை வீட்டுல கொண்டுபோய் விடுற வேலை. கால் மடக்கக் கூடாதவங்களை இந்தக் குகைக்குள்ள எப்படித் திணிப்பாங்க? ஒரே ஒரு நோயாளி கத்தினாப் போதும், அவங்க பொழப்பு போச்சு.

— உன் பொழப்பைப் பாரு. இன்னைக்கு இது விக்கலைன்னா, உன்னை நிரந்தரம் பண்ணுற கடிதத்துல என் கையெழுத்து விழாது. புரியுதா? பன்னெண்டு மணிக்கு எனக்கு வேற வேலை இருக்கு, அதுக்குள்ள முடி. ஆங், வராங்க. சிரி. வாங்கம்மா, வாங்க! டீ எப்படி?

— வெந்நீருக்குச் சாயம் பூசியிருக்கான் தம்பி. என்ன கண்ணு, மூஞ்சி ஏன் இப்படிச் செவந்து கிடக்கு? திட்டினாரா?

— இல்லக்கா. கருத்துப் பரிமாற்றம்.

— சரிதான். எங்க வீட்டுக்காரரும் அதைத்தான் பரிமாறுவாரு. பழைய வண்டி என்னாச்சு?

— அது கம்பெனிக்குத் திரும்பிப் போகுதும்மா. ஆனா நீங்க ராசிக்காரங்க! இதைப் பாருங்க. பழைய வண்டியில ஒரு வசதி இருந்தா இதுல நாலு.

— முன்னாடி உக்காந்து பாத்துட்டேன் தம்பி. ஓட்ட சுகமாத்தான் இருக்கு, பொய் சொல்லக் கூடாது. ஆனா முன்னாடி உக்காருறது நான். காசு குடுக்கிறவங்க பின்னாடில்ல உக்காருவாங்க?

— பின்னாடி ராஜா மாதிரி உக்காரலாம்.

— அப்போ ஏறுங்க.

— நானா?

— வேற யாரு ராஜா இங்க? வலது காலை மடக்கக் கூடாது. ஆபரேஷன் ஆயிருக்கு உங்களுக்கு. ஏறுங்க, பாப்போம்.

— இதுல என்னம்மா இருக்கு? இதோ, முதல்ல இப்படி உக்காந்து...

— கால் மடங்குது சார்.

— எனக்குத் தெரியும்மா! இப்படிச் சாஞ்சு, மெல்ல... ஆ!

— தலையா சார்?

— ஒண்ணுமில்லை. லேசா உரசிடுச்சு.

— சத்தம் தெரு வரைக்கும் கேட்டுருக்கும் தம்பி. இன்னும் கொஞ்சம் குனியுங்க. அவ்வளவுதான். ஒரு காலு வெளிய கிடக்கு பாருங்க, அதையும் எடுத்துக்கோங்க.

— ஆங்! உக்காந்தாச்சு. பாத்தீங்களா? எவ்வளவு தாராளமா இருக்கு!

— முட்டி தாவாங்கட்டையில இடிக்குது சார்.

— அது என் உயரத்துக்கு அப்படி. கதவைச் சாத்திப் பாருங்கம்மா, வெளிச் சத்தமே கேக்காது.

— சாத்திட்டேன். கண்ணு, நீ இவரைப் பாத்துக்கோ. நான் பின்பக்கம் போய் அந்தப் பழைய வண்டியை ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வந்துடுறேன்.

— அம்மா, அங்க போகக் கூடாது! யம்மா! ஏய், அவங்களை நிறுத்து! இந்தக் கதவு ஏன் திறக்க மாட்டேங்குது?

— குழந்தைங்களுக்கான பூட்டு போட்டிருக்கு சார். உள்ளேருந்து திறக்காது.

— அப்போ வெளியேருந்து திற!

— திறந்தாச்சு. வாங்க.

— வரேன், இரு. கையைக் குடு. அந்தக் கை இல்லை! முதுகுப் பக்கம் ஏதோ பிடிச்சுக்கிச்சு.

— கால் மடக்காம வாங்க சார். ஆபரேஷன் ஆனவரு நீங்க.

— நக்கலை அப்புறம் வெச்சுக்கோ! அவங்க கொட்டகைக்குப் போனாங்களா? போயிட்டாங்களா?

— போய் நின்னாச்சு, கதவும் திறந்தே இருக்கு. வெறும் வண்டியைத்தானே பாக்குறாங்க? அதுக்கு ஏன் சார் இப்படி வேர்க்குது உங்களுக்கு? இழுக்குறேன், மூச்சை உள்ள இழுங்க. ஒண்ணு... ரெண்டு...

— இரு! மெல்ல! இடுப்பு!

— அக்கா வந்துட்டாங்க. என்னக்கா, போன வேகத்துல திரும்பிட்டீங்க? வண்டி இல்லையா?

— இருக்கு கண்ணு, தார்ப்பாயை எல்லாம் எடுத்துச் சுத்தமாத் தொடச்சு வெச்சிருக்கு. பின்சீட்டுல ஒரு பெரியம்மா காலை நீட்டிக்கிட்டு ஜம்முனு உக்காந்திருக்காங்க, தம்பி மூக்கு அப்படியே. 'புது வண்டியில ஏறினா உன்னால எந்திரிக்க முடியாதும்மா, அதை ஊராருக்கு வித்துக்குறேன், இது உனக்கு'ன்னு மகன் எடுத்து வெச்சானாம். தம்பி, பன்னெண்டு அடிச்சாச்சு, எப்போ கிளம்பலாம்னு உங்களைக் கேட்டு வரச் சொன்னாங்க.