மேல்கணக்கில் போட்ட லூப்

மூவாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். ஒரு சதம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஜெயரூபன் கொடுக்க வேண்டியிருந்த கடன் அது. கொஞ்சம் ஒட்டி உட்காருங்கள்… கதவுக்கு முதுகைக் காட்டி இருக்கிறவர் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். சும்மாதான்.

ஜெயரூபன் என் மச்சினனோடு வேலை செய்தவன். பசறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகிற கம்ப்யூட்டர் லைன்களைப் பார்க்கிற ஒரு கொந்தராத்துக்காரரிடம் நாட்கூலி. அவனுக்குக் கூட்டாளி சின்னராசா, பத்து வயது மூத்தவர், இடக்கைக்காரர். ஜெயரூபனின் மகளைப் பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது அவர்தான் மடியை அவிழ்த்து அந்தக் காசைக் கொடுத்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. காசு திரும்பவில்லை. கேட்கும்போதெல்லாம் இவனிடம் ஒரே சொல்தான் இருந்தது. நாளைக்குண்ணே.

போன வருஷம் கார்த்திகை மழையில் வெள்ளிமலைத் தோட்டத்து மேல்கணக்கு ஆபீசில் லைன் படுத்துவிட்டது. வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன், கணக்கு என்றால் தோட்டத்தில் ஒரு பிரிவு. மேலே மேல்கணக்கு, கீழே கீழ்க்கணக்கு. அன்றைக்குப் போக வேண்டிய முறை ஜெயரூபனுடையது. வழியில் சின்னராசாவைப் பார்க்க வேண்டிவரும், பார்த்தால் கேட்பார்… காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டு லயத்து வீட்டில் போர்த்திப் படுத்துக்கொண்டான். அவனுக்குப் பதிலாகச் சின்னராசா போனார். அன்றிரவு மலை இறங்கியது. ஆபீஸ், லைன் தூண்கள், சின்னராசா… எல்லாம் மண்ணுக்குள். ஒன்பது நாள் தோண்டினார்கள். அவரை எடுக்க முடியவில்லை.

இந்த வருஷம், அதே கார்த்திகை. ராத்திரி ஒன்றேகால் மணி. அதே தோட்டம், கொழுந்து அரைக்கிற ஃபேக்டரி. ஆபீஸ் அறையில் ரவுட்டரின் லைன் விளக்கு சிவப்பாக எரிகிறது. விடிய ஆறு மணிக்குள் லைன் வராவிட்டால் தோட்டத்து வேலையே கைவிட்டுப் போகும், நீயும் வீட்டோடு இருந்துகொள் என்று முதலாளி சொல்லித்தான் அனுப்பியிருந்தார். காவல்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ஜெயரூபன் தனியாள்.

இதில் செய்கிற சோதனை பெரிய வித்தையில்லை. லைன் வந்து முடிகிற இடத்தில், போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் ஒரு சின்னக் கட்டையால் சேர்த்துவிட வேண்டும். அதுதான் லூப். பதுளையிலிருந்து அனுப்புவது அப்படியே பதுளைக்குத் திரும்பினால் லைன் நல்லது, ரவுட்டரில்தான் கோளாறு. திரும்பாவிட்டால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. அனுப்பியது திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

பதுளையில் இருந்தவர் இரகுநாதன் சேர், யாழ்ப்பாணத்துக்காரர். போனில் சொன்னார்.

"லூப் வந்திட்டுது ஜெயரூபன். வடிவா வருது, ஒரு பிழையும் இல்லை."

ஜெயரூபன் கையைப் பார்த்தான். கட்டை கையில்தான் இருந்தது.

"நான் இன்னும் போடலையே சேர்."

ரவுட்டர் வயரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். கழற்றினான். அப்போதும் லூப் அப்படியே வந்துகொண்டிருந்தது. பிறகு இரகுநாதன் சேர் மெதுவாகச் சொன்னார், இப்போது விட்டு விட்டு வருகிறதாம். மூன்று தரம் போனது, மூன்று தரம் வந்தது.

"உமக்கு முன்னால ஆர் நிக்கிறது அங்க?"

லூப் போட்டால் மூன்று தரம் இழுத்து இழுத்துச் சொருகுவது சின்னராசாவின் பழக்கம். மேல்கணக்கில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. போட்டாச்சு என்பதற்கு அதுதான் அவர் அடையாளம்.

ஃபேக்டரிக்கும் பதுளைக்கும் நடுவில் கம்பிகள் சேருகிற ஒரே ஒரு பெட்டி, கீழ்க்கணக்கு ரோட்டோரத்தில். அரை மைல். டோர்ச்சோடு இறங்கினான். மழைக்கோட்டின் மேல் தூறல்… சொட், சொட். புளித்த கொழுந்து வாசம் பின்னால் நின்றுவிட்டது. பாதி வழியில் தவளைச் சத்தமும் நின்றது. பெட்டியருகே வேறு வாசம். அப்போதுதான் வெட்டிய மண்ணும் நனைந்த பீடியும்.

பெட்டியைத் திறந்தான். பதுளைக் கம்பி ஃபேக்டரிக் கம்பியிலிருந்து கழற்றப்பட்டிருந்தது. அதைக் கொண்டுபோய் மேல்கணக்குக்குப் போகிற பழைய கம்பியோடு முறுக்கியிருந்தது. மண்சரிவுக்குள் போய் அறுந்து கிடக்கிற கம்பி அது. முறுக்கு நம்மைப் போல வலம் சுற்றவில்லை. இடம் சுற்றியிருந்தது.

சோதனைப் போனின் கவ்விகளைப் பழைய கம்பியில் மாட்டிக் காதில் வைத்தான். எங்கோ ஆழத்தில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி…

"அண்ணே."

ஒரு மூச்சு நேரம். பிறகு அவன் குரலே திரும்பி வந்தது. அண்ணே.

லூப் என்றால் அப்படித்தான் வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். வாய் பழகிய பழக்கம், அடுத்து வந்தது அந்தச் சொல்.

"நாளைக்குண்ணே."

நாளைக்குண்ணே… நாளைக்குண்ணே… நாளைக்குண்ணே. ஒரு தரம் சொன்னது மூன்று தரம் வந்தது. குரல் அவனுடையதுதான். மூன்றாவது தரத்தில் வாய்க்குள் மண் இருந்த மாதிரி கேட்டது.

ஜெயரூபன் சேற்றில் மண்டியிட்டுவிட்டான். காய்ச்சல் இல்லை என்றான். அன்றைக்குப் போயிருக்க வேண்டியவன் நான்தான் என்றான். அதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது, அவன் சொன்ன மாதிரியே அழுதுகொண்டு. கடைசியாகச் சொன்னான்:

"விடியிறதுக்குள்ள அண்ணிக்கிட்ட குடுத்துர்றேன். சத்தியமா."

காத்திருந்தான்.

அது மட்டும் திரும்பி வரவில்லை.

அனுப்பியது திரும்ப வேண்டும், அதுதான் சட்டம். அந்தப் பக்கத்தில் யாரோ அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சொட்டுகிற சத்தமும் நின்றது. பையில் போன் அடித்தது. லூப்பை எடுத்துவிட்டார்கள் என்றார் இரகுநாதன் சேர். மணி இரண்டரை.

கம்பியைப் பிரித்து, ஃபேக்டரிக் கம்பியில் வலம் சுற்றி முறுக்கினான். ஓடிப்போய் ரவுட்டரைப் பார்த்தான். பச்சை. வேலை தப்பியது. ஆனால் அவன் உட்காரவில்லை. முந்தின நாள் மொத்தமாக வாங்கிய கூலியிலிருந்து மூவாயிரத்து எழுநூற்றைம்பதை எண்ணித் தனியாகச் சுருட்டினான். சின்னராசாவின் மனைவி இராக்கம்மா இருக்கிற தகரக் கொட்டகை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். மேல்கணக்கில் தப்பியவர்களை ஒரு வருஷமாக அங்கேதான் வைத்திருக்கிறார்கள். போய்ச் சேரும்போது கிழக்கே வெளுக்கவில்லை. அவள் வேலைக்குப் பேர் கொடுக்கிற காலைப் பெரட்டுக்குப் போக எழுந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவன் காசை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"இது எதுக்கு தம்பி? அதான் ராத்திரியே கொண்டாந்து குடுத்துட்டியே."

இரண்டரை மணியிருக்குமாம். தகரத்தைத் தட்டினானாம். மழைக்கோட்டுத் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தானாம். உள்ளே வா, சாயத் தேத்தண்ணி தருகிறேன் என்றாளாம். பேசாமல் போய்விட்டானாம்.

அடுப்போரத்தில் காசைக் காயப்போட்டிருந்தாள். மூன்று ஆயிரம், ஒரு ஐந்நூறு, இரண்டு நூறு, ஒரு ஐம்பது. எல்லாத் தாளிலும் செம்மண் அப்பியிருந்தது.

"சரியா இருக்கு, எண்ணிப் பாத்துட்டேன். அவரு கணக்கு தீந்துச்சு. நீ மனசுல ஒன்னும் வச்சிக்காத." அடுப்பிலிருந்து நிமிர்ந்து அவன் கையைப் பார்த்தாள். "ஆனா ஒன்னு தம்பி… காசை அப்படிக் குடுக்கலாமா? அவருகிட்டயும் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். நீ எப்ப எடக்கைக்காரனான?"