அடிக்குறிப்பு போட்ட விதவை

எனக்குக் காப்பியில் சர்க்கரை வேண்டாம். இருபத்தாறு வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். எந்த அலுவலகத்திலும் காதில் போட்டுக்கொண்டதில்லை. பரவாயில்லை ஐயா, என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் வென்டல் ப்ரேட்டர். மின்சாரக் கம்பெனிகளுக்கு அரசு அனுமதி வாங்கித் தரும் வக்கீல். கடைசியாக என் கையில் இருந்தது ஒரே வழக்கு. லூசியானா மாநிலத்தின் சதுப்பு நிலத்தைத் தாண்டி, மோர்வான் என்ற சிற்றூருக்குப் புது மின்கம்பி இழுக்க வேண்டும். வெயில் காலத்தில் அங்கே தினமும் கரண்ட் போய்விடும். ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் அல்சீட் கிட்ரி வாராவாரம் எனக்குப் போன் செய்வார்.

“வக்கீலய்யா, லைன் எப்பதான் வரும்? நேத்தும் எல்லாம் உருகிப் போச்சு. கடைய மூடிட்டா எனக்கு வேற பொழப்பு தெரியாதுய்யா.”

“வந்துடும் அல்சீட். கொஞ்சம் பொறுங்க.”

நல்ல மனிதர். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அனுமதி கிடைத்துவிட்டால் எனக்கு ஓய்வு. பிரிவுபசார கேக் என்ன நிறத்தில் வேண்டும் என்றுகூட அலுவலகத்தில் கேட்டுவிட்டார்கள். எனக்கோ வேலையை விட்டுப் போக மனமே இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பொதுமக்களில் யார் ஆட்சேபம் எழுதினாலும் அரசு எழுத்தில் பதில் தர வேண்டும். அதில் புது விஷயம் கிளம்பினால் ஆட்சேபத்துக்கான கெடு இன்னும் அறுபது நாள் நீளும். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது ஒடீல் ஃபான்டனோ என்று ஒரு விதவையை நானே உண்டாக்கி, அவர் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு தவளை பாடுகிறது, கம்பி வந்தால் பாட்டு நின்றுவிடும் என்று.

அரசின் பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். இப்படியே கடிதத்துக்கு மேல் கடிதமாக ஒன்பது வருடம் போயிற்று. நடுவில், அந்த அம்மாளோடு சமரசம் பேசிவிட்டு வரும்படி கம்பெனி என்னை அனுப்பியது. இரண்டு இறால் சாண்ட்விச் வாங்கி, ஆற்றங்கரையில் காரை நிறுத்திப் பேசினேன். அவர் மசியவில்லை. இரண்டையும் நானே சாப்பிட வேண்டியதாயிற்று.

என் செயலாளர் வெர்லீன் மட்டும் முறைத்தாள்.

“ஏன் சார், தவளைக்காக அழுவுற கெழவி கடுதாசில அடிக்குறிப்பு போடுமா? அதுவும் பன்னெண்டு?”

“படிச்சவங்களா இருக்கும் வெர்லீன்.”

“ஆமாமா. உங்க கிட்டதான் படிச்சிருக்கும்.”

பிறகு ஒடீல் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று அரசு கூப்பிட்டது. வேறு வழியில்லாமல் அவரைக் கொன்றேன். செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பத்திரிகைக்கு எழுதிய மரண அறிவிப்பில், ஒரே பத்தியில். சாய்வு நாற்காலியில், தவளைப் பாட்டைக் கேட்டபடி போய்ச் சேர்ந்தார். எழுதி முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஊரே அழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சதுப்பு நிலத்துக்கு அவர் பெயரை வைத்து, அங்கே இனி ஒரு கம்பம்கூட நடக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். நினைவுக் கூட்டத்துக்கு அல்சீட்டும் வந்தார், கையில் பாதி உருகிய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றோடு.

“கடைசி டப்பாய்யா. கடைய மூடிட்டேன். அந்தம்மா மேல எனக்குக் கோவமில்ல, நல்ல மனுஷி போல.”

டப்பாவை வாங்கிக் குடித்தேன். அடுத்த வாரம் எனக்குக் கேக் வெட்டினார்கள், பச்சை நிறத்தில். அதற்கடுத்த நாள் வெர்லீன் கடிதக் கட்டோடு உங்களிடம் வந்திருக்கிறாள்.

கடிதங்கள் எல்லாம் நான் எழுதியவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அல்சீட்டின் பிழைப்பைக் கெடுத்ததாக என்மேல் எழுதியிருக்கிறீர்களே, அது நியாயமில்லை ஐயா. அவருக்காக அந்த அம்மாளிடம் நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். அவர் கேட்டால்தானே.